நிலோஃபர் கேட்ட ஆறு ஜிபி

கூத்தாநல்லூரில் வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டில் குடியிருப்பதில்லை. சார்ஜாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கட்டுவார்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களைச் சபுராளிகள் என்பது அந்த ஊர் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நாற்பது நாள் தங்கிப் போகிற சபுராளிக்கு ஐந்து படுக்கையறை வேண்டும், இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி வேண்டும், கார் இல்லாவிட்டாலும் கார் நிறுத்த இடம் வேண்டும். ஆனால் வரைபடத்தைக் காட்டினால் புரியாது. கோடும் அளவும் அவர்களோடு பேசாது. கட்டி முடித்த வீட்டைப் போய் நின்று போட்டோ எடுத்தது மாதிரி ஒரு படம் கைபேசியில் வந்து விழுந்தால்தான் "சரி, வேலைய ஆரம்பிங்க" என்று பதில் வரும்.

அந்தப் படங்களைச் செய்து கொடுத்தவள் நிலோஃபர். பாலிடெக்னிக்கில் கட்டட வரைகலை படித்தவள். இருபத்து நான்கு வயதில் நாகூரில் வாழ்க்கைப்பட்டு, ஒன்றரை வருஷத்தில் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். இப்போது முப்பத்து மூன்று. பெற்ற அத்தா மவுத்தாகிப் பல வருஷம். வீட்டில் அம்மா நஃபீசாவும் அவளும்தான். அண்ணன் முபாரக் சார்ஜாவில் ஒரு பெரிய மளிகைக் கடையில் சூப்பர்வைசர். அண்ணி பிள்ளைகளோடு தன் தாய்வீட்டில் இருந்தாள். முபாரக் விடுமுறையில் வரும்போது மட்டும் இங்கே வந்து மாடியறையில் தங்குவாள்.

நிலோஃபருக்கு வேலை கொடுத்தவர் மன்னார்குடி என்ஜினியர் இளவழகன். அவர் வரைபடத்தை அனுப்புவார், அவள் அதை வீடாக எழுப்பிக் காட்டுவாள். சுவர் எழும், கூரை ஏறும், வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கும். படத்தின் மூலையில் இளவழகன் அலுவலகத்தின் பெயர் இருக்கும். அது பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததில்லை. இன்ன வீட்டுக்குத் தெற்கே ஜன்னல் வைத்தால் ஆனி ஆடியில் காற்று வரும், இன்ன வீட்டுக் கிழவிக்கு முழங்கால் வலி, கழிப்பறைக்கு ஏறி இறங்கப் படி வைக்கக்கூடாது என்று அவள் சொல்வதை இளவழகன் கேட்டு, வரைபடத்தையே மாற்றியிருக்கிறார். "உனக்குக் கண்ணு இருக்கும்மா" என்பார். அந்தச் சொல்லே அவளுக்குச் சம்பளத்தில் பாதி.

கண் இருந்தது, மிஷின் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் யாரோ பயன்படுத்திப் போட்ட லேப்டாப்பை வாங்கி வைத்திருந்தாள். விடியலில் சுபுஹுத் தொழுதுவிட்டு, எழுப்பிய வீட்டைப் படமாக்க ஓடவிட்டால் நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது ஒரு படம் வரும். அதற்குள் அது சூடேறி, அதன் விசிறி போடும் சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து "என்னம்மா, மாவு மில்லு மாதிரி" என்பாள்.

ஒருநாள் இளவழகன் போனில் சொன்னார்: "இனிமே போட்டோ பத்தாதும்மா. எல்லாரும் வீடியோ கேக்குறாங்க. கேட்டுக்குள்ள நொழஞ்சு, ஹால்ல நடந்து, மாடிப்படி ஏறி, பால்கனில நின்னு தெருவப் பாக்கற மாதிரி. உன்னால முடியுமா?"

"முடியும் சார். மிஷின்தான் மாத்தணும்."

"மாத்திடு. வருஷத்துக்கு இருபது வீடு தரேன்."

இரண்டு வருஷமாக அவள் சேர்த்து வைத்திருந்தது எண்பத்தெட்டாயிரம். அதை நம்பித்தான் "மாத்தணும்" என்ற சொல் வாயில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அல்லாத நாளாகப் பார்த்து, மன்னார்குடியில் பஸ் மாறி, வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போனாள். கைப்பையில் ஒரு பென்டிரைவ். அதில், அதுவரை அவள் செய்ததிலேயே கனமான வீடு: எட்டு மரம், ஒரு நீர்த்தொட்டி, வண்ணக் கண்ணாடி பதித்த கதவு, பாயின் நெசவு வரை தெரிகிற ஒரு கூடம். துணிக்கடைக்குப் போகிறவள் மாதிரிச் சேலை ரவிக்கைப் பொருத்தம் பார்க்க அல்ல, அந்தக் கனத்தை எந்த மிஷின் தூக்கும் என்று பார்க்கப் போனாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. முதலில் வந்த ஆள், "யாருக்கு மேடம்? பையனுக்கா?" என்று கேட்டான். எனக்கு என்றதும், மெலிதாக, வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தான். "டிசைன்னா இது போதும் மேடம். லேடீஸ் எல்லாம் இதான் எடுக்குறாங்க. வெயிட்டே இருக்காது."

"இதுல கிராஃபிக்ஸ் கார்டு தனியா இருக்கா?"

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தான். எழில்மொழி என்று மார்பில் பெயரட்டை குத்திய ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு இருபத்தேழு இருக்கும். நிலோஃபர் தன் தேவையைச் சொன்னாள். அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"ஃபைல் கொண்டு வந்திருக்கீங்களாக்கா?"

"இருக்கு."

"ஓனர் சாப்பிடப் போயிருக்காரு. திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். மூணு மிஷின்லயும் போட்டுப் பாத்துடலாம், வாங்க."

நிலோஃபர் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. எழில்மொழி அதை மூன்றிலும் ஏற்றினாள். முதலாவது, அந்த வெள்ளி நிறத்து மெல்லிசு. படத்தின் கனத்தைச் சுமக்கத் தனிக் கார்டு கிடையாது. வீட்டைச் சுட்டியால் பிடித்துத் திருப்பினால், சேற்றில் இறங்கிய வண்டிச் சக்கரம் மாதிரி நின்று நின்று திரும்பியது. ஒரே ஒரு படத்தை ஓடவிட்டார்கள். அது கால்வாசி முடிவதற்குள் மூன்று நிமிஷம் போயிற்று. நிறுத்திவிட்டார்கள். இரண்டாவதில் கார்டு இருந்தது. அந்தக் கார்டுக்கென்று நான்கு ஜிபி நினைவு. வீடு அழகாகத் திரும்பியது. படத்தை ஓடவிட்டதும், பாதியில் நினைவு போதவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுத் தானே மூடிக்கொண்டது. மரங்களை எடுத்துவிட்டால் ஓடியது. மூன்றாவது தடித்த கறுப்பு. ஆறு ஜிபி. இருபது வினாடியில் படம் வந்து விழுந்தது.

நிலோஃபர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் அரைநாள் காத்திருந்து பெற்றது, இருபது வினாடியில்.

"ஆனா ஒண்ணுக்கா," என்றாள் எழில்மொழி. "இந்த ஆறுல ஸ்கிரீன் சுமாரு. கலர் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். கார்டு போக, மிஷினோட பொது மெமரியும் எட்டுதான். நாலுல ஸ்கிரீன் பிரமாதம், மெமரி பதினாறு. வெலை ரெண்டும் ஒண்ணுதான்."

"மெமரி பின்னாடி போட்டுக்கலாமா?"

"தாராளமா. மூணு மாசம் கழிச்சுக்கூட வாங்க, நானே போட்டுத் தரேன். ஸ்கிரீனும் வெளியில ஒண்ணு வச்சிக்கலாம். கார்டுதான் முடியாது. போர்டோட சேத்து ஒட்டியிருப்பாங்க. வாங்கும்போது என்ன இருக்கோ, கடைசி வரைக்கும் அதான்."

"அப்ப ஆறு."

"ஆறுதான்" என்று எழில்மொழியும் சிரித்தாள். பிறகு ஒரு காகிதத்தில் மிஷினின் பெயரையும் எண்ணையும் எழுதி, கடைசி நான்கு எழுத்துக்களை வட்டமிட்டாள். "எங்க வாங்கினாலும் இதப் பாத்து வாங்குங்க. பேரு மூணுக்கும் ஒண்ணுதான். வால்லதான் வித்தியாசம்."

அந்தக் கடையில் அது ஒரு லட்சத்து நான்காயிரம். சார்ஜாவில் அதே மிஷின் நம் காசுக்கு எண்பத்தைந்துக்குள் கிடைக்கிறது என்பதைப் பஸ்ஸில் வரும்போதே கைபேசியில் பார்த்துவிட்டாள். முபாரக் அடுத்த மாதம் விடுமுறையில் வருவதாக இருந்தான். அன்று மாலையே போன் போட்டாள்.

"அதுக்கென்ன, வாங்கிட்டு வந்துடறேன்" என்றான் முபாரக். "காச எனக்கு அனுப்பாத. நான் ரெண்டு மாசத்துக்கு வீட்டுக்குக் காசு அனுப்பாம நிறுத்திக்கறேன். உங்கிட்ட இருக்கறத அம்மாகிட்ட குடுத்துடு. கணக்குச் சரியாப் போயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. அவள் வங்கியிலிருந்து முழுத்தொகையும் எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். எழில்மொழி எழுதிய காகிதத்தைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். கூடவே, 'கடைசி நாலு எழுத்து ரொம்ப முக்கியம்ணே' என்று ஒரு குரல் பதிவு. முபாரக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

அம்மா அந்தப் பணத்தில் வீட்டுச் செலவு போக, மாடியறைக்கு ஏசி மாட்டினாள். வருகிற மகன் வேர்க்கக்கூடாது.

குறுவை நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்திருந்த சமயத்தில் முபாரக் வந்து இறங்கினான். இரண்டு பெரிய பெட்டி, ஒரு போர்வை மூட்டை. மாலைக்குள் தெருவே வந்துவிட்டது. நஃபீசா நடுக்கூடத்தில் பாய் விரித்துப் பெட்டிகளைத் திறந்தாள். சென்ட் பாட்டில், மிட்டாய்ப் பொட்டலம், பால்பவுடர், தைலம், மாமிக்கு ஒன்று, அத்தாவோடு கூடப்பிறந்த குப்பிக்கு ஒன்று என்று எடுத்து எடுத்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து முபாரக் ஒரு பெட்டியை எடுத்துத் தூக்கிப் பிடித்தான்.

"இந்தா நிலோ, உன் லேப்டாப்பு."

வெள்ளி நிறம். மெல்லிசு.

"அண்ணன் வாங்கியாந்துருக்கு பாரு" என்றாள் பக்கத்து வீட்டு மாமி. "வாழாம வந்த தங்கச்சிக்கு யாரு இப்படிச் செய்வா? அல்லா அவனுக்குப் பரக்கத்தக் குடுக்கட்டும்." சுற்றி இருந்தவர்கள் ஆமீன் சொன்னார்கள். முபாரக் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நிலோஃபர் பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த வரியைத் தேடிப் படித்தாள். பெயர் அதே பெயர். வால் வேறு.

அத்தனை பேர் முன்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "நல்லாருக்குண்ணே" என்றாள்.

மறுநாள் காலைப் பசியாறும்போது கேட்டாள். அம்மா இடியாப்பத்தைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை.

"நான் அனுப்பின நம்பரு வேறண்ணே. இதுல கார்டு இல்ல."

"தெரியும். நீ சொன்னதப் போயிப் பாத்தேன். அது கேம் வெளையாடற மிஷினு. கடைக்காரனே சொன்னான், கேமிங்குன்னு. கறுப்பா, தடியா, கீ எல்லாம் செவப்பு லைட்டு அடிக்குது, பேய் மாதிரி. பொம்பளப்புள்ள வச்சிக்கிற மாதிரியா இருக்கு? அதான் அதே பேருல, ஆபீஸ்ல எல்லாரும் வச்சிருக்காங்களே, இத எடுத்தேன். ஆஃபர்ல போட்டிருந்தான். பாதி வெலை."

"பாதி வெலையா?"

"ஆமா. மிச்சத்துலதானே இந்தச் சாமானெல்லாம் வாங்கினேன். வெறுங்கையோட வர முடியுமா?"

நிலோஃபர் கூடத்தின் ஓரத்தில் கிடந்த காலிப் பெட்டிகளைப் பார்த்தாள். அவளுடைய ஆறு ஜிபி, மிட்டாயாகவும் சென்ட்டாகவும் நேற்றே தெருவெல்லாம் பிரிந்து போயிருந்தது. மாமி வீட்டுப் பிள்ளைகள் அதைத் தின்றும் முடித்திருப்பார்கள்.

"கார்டுதான் இல்லன்னா தனியா வாங்கிப் போட்டுக்கயேன்" என்றான் முபாரக்.

"போட முடியாதுண்ணே. அது ஒட்டியே வர்றது. அதுக்குத்தான் நாலு எழுத்த வட்டம் போட்டு அனுப்பினேன்."

"லேப்டாப்புன்னா லேப்டாப்புதானே நிலோ. எனக்கென்ன தெரியும்?"

"ஒங்களுக்குத் தெரியாதுன்னுதான் எழுதி அனுப்பினேன்."

நஃபீசா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆசையா வாங்கிட்டு வந்தவன் மனசு நோகப் பேசாத."

"அவரு வாங்கிட்டு வரலம்மா. அது என் காசு. உங்க கையில குடுத்தேன்ல?"

"யாரு காசா இருந்தா என்ன? ஒரு வீட்டுக் காசுதானே. ஒரு வார்த்த பொறுத்துப் போகத் தெரியாது ஒனக்கு. வாழப்போன எடத்துலயும் இந்த வாய் பேசித்தானே..."

அம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதனால் அது கூடம் முழுக்க நின்றது. முபாரக் இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். நிலோஃபர் எழுந்து கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவ வேண்டியதைவிட அதிக நேரம் கழுவினாள்.

அந்த வாரமே இளவழகன் கூப்பிட்டார். சிங்கப்பூரில் ஹோட்டல் நடத்தும் கலந்தர் என்பவர் லெட்சுமாங்குடிப் பக்கம் மனை வாங்கியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை சம்பா விளைந்த நஞ்சை அது. இரண்டு நிமிஷ வீடியோ வேண்டும், வந்திருக்கிறவர் பன்னிரண்டு நாளில் சிங்கப்பூர் திரும்புகிறார், அதற்குள் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் தருவார் என்றார்.

"மிஷின் வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சு சார்" என்றாள். பொய் இல்லை.

வீட்டை எழுப்ப நான்கு நாள் ஆயிற்று. அவள் செய்ததிலேயே நல்ல வீடு என்று அவளுக்கே தெரிந்தது. வரைபடத்தில் மாடிப்படியின் மேற்குப் பக்கம் வெறும் சுவராக இருந்தது. அங்கே செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய சல்லடைச் சுவர் ஒன்றை வைத்தாள். பிற்பகல் அஸர் நேரத்து வெயில் அதன் வழியாக வந்து படிகளின்மேல் புள்ளி புள்ளியாக விழும். ஏறுகிறவர் முதுகிலும் விழுந்து ஏறும். இளவழகனிடம் காட்டினாள். "பிரமாதம்மா. இத அப்படியே வீடியோல கொண்டாந்துடு" என்றார்.

ஒரு வினாடி வீடியோவுக்கு இருபத்தைந்து படம். இரண்டு நிமிஷத்துக்கு மூவாயிரம். வெள்ளி மிஷின் ஒரு படத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் எடுத்தது. கணக்குப் போட்டாள்: இரவு பகலாக ஓடினாலும் இருபத்தைந்து நாள். கையில் எட்டு நாள். தஞ்சாவூர்க் கடையில் பார்த்த அந்தக் கறுப்பு மிஷின் என்றால் ஒரு நாள்கூட ஆகியிருக்காது.

பிறகு அவள் தன் வீட்டைத் தானே இடிக்க ஆரம்பித்தாள். மரங்களை எடுத்தாள். கூடத்துச் சாமான்களை எடுத்தாள். படத்தின் அளவைக் குறைத்தாள். இரண்டு நிமிஷத்தை ஒரு நிமிஷமாக்கி, வினாடிக்கு இருபத்தைந்தைப் பதினைந்தாக்கினாள். தொள்ளாயிரம் படம், படத்துக்கு நான்கு நிமிஷம், இரண்டரை நாள். முடியும். ஆனால் அரைமணி ஓடியதும் மிஷின் சூடு தாங்காமல் அணைந்தது. அடியில் புத்தகம் வைத்து உயர்த்தினாள், டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு மறுபடி அணைந்தது. வெட்கத்தை விட்டு அண்ணனிடம் கேட்டாள்.

"பகல்ல மட்டும் மாடி ரூம்ல வச்சிக்கவாண்ணே? ஏசில ஓடிடும்."

"வச்சிக்கயேன், அதுக்கென்ன" என்றான் முபாரக். கேட்டால் தருகிறவன்தான் அவன். கேட்டதையே தருவதில்லை, அவ்வளவுதான்.

குளிரில் மிஷின் ஒழுங்காக ஓடியது. முபாரக்கும் அண்ணியும் விருந்துக்குக் கிளம்பும்வரை காத்திருந்து, காலையில் வைத்து, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு எடுத்துவந்தாள். ஏசியில் ஓடிய ஆறாவது நாள், அனுப்பியாக வேண்டிய நாளும் அதுதான், கடைசி நூற்றைம்பது படங்கள் பாக்கி. மாடிப்படியில் வெயில் விழுகிற பகுதி அதுதான். அன்று முபாரக் விருந்துச் சாப்பாடு முடித்து நேரத்தோடு வந்து படுத்துவிட்டான். அஸருக்கு அவள் ஏறிப் போனபோது மிஷின் மூடிக் கிடந்தது, மூடியதும் ஓட்டமும் நின்றுபோயிருந்தது.

"லைட்டு கண்ணுல அடிச்சுச்சு" என்றான் போர்வைக்குள்ளிருந்து. "ஒண்ணும் பண்ணல, மூடித்தான் வச்சேன்."

நேரம் தீர்ந்திருந்தது. படிக்கட்டே இல்லாமல், கூடத்திலிருந்து நேராக பால்கனிக்குத் தாவுகிற ஒரு வீடியோவை அனுப்பினாள். இளவழகன் ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"விட்டு விட்டு வருதும்மா. மரமெல்லாம் எங்க? கலந்தர் பாய் பாத்துட்டு, என்ன சார் கார்ட்டூன் மாதிரி இருக்குன்னுட்டாரு."

"மிஷின் தப்பா வந்துடுச்சு சார். நான் கேட்டது வேற."

"கேட்டு வாங்கியிருக்கலாம்ல? சரி விடு. ஃபைல மட்டும் அனுப்பிடு. திருச்சில ஒரு ஸ்டூடியோ இருக்கு, ஒரே நாள்ல முடிச்சுத் தராங்களாம்."

அனுப்பினாள். மரங்களைத் திரும்ப நட்டு, சாமான்களைத் திரும்ப அடுக்கி, சல்லடைச் சுவரில் ஒரு செங்கல் கோணலாக இருந்ததைச் சரிசெய்து அனுப்பினாள். செய்த வேலைக்கு இளவழகன் கூலியைக் குறைக்காமல் போட்டுவிட்டார். கலந்தர் முன்பணம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அடுத்த வீடும் திருச்சிக்குப் போயிற்று. "எழுப்பறது, வீடியோ ரெண்டும் ஒரே எடத்துல முடிஞ்சா எனக்கு அலைச்சல் இல்லம்மா. தனியா போட்டோ வேல வந்தா ஒனக்குத்தான்" என்றார் இளவழகன். இரண்டு வந்தது. பிறகு வரவில்லை.

முபாரக் விடுமுறை முடிந்து போனபின், அவள் மிஷினைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் போனாள். எழில்மொழி அவளைக் கண்டதும் அடையாளம் தெரிந்து எழுந்தாள். பையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்னக்கா இது?"

"எங்கண்ணன் வாங்கிட்டு வந்தாரு. இதக் குடுத்துட்டு, மேல போட்டு, அத எடுக்க முடியுமா?"

எழில்மொழி திறந்து பார்த்தாள். விசைகளில் இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் அரபு எழுத்து. "இங்க யாரும் இத எடுக்க மாட்டாங்கக்கா. வாரண்டியும் நம்ம ஊர்ல செல்லாது. ஓனர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்." உள்ளே போய்விட்டு வந்து, சொல்லக் கூசியபடி சொன்னாள்: "பதினெட்டு."

இன்னும் எண்பத்தாறாயிரம் வேண்டும். வேலையே இல்லாதபோது எதைச் சேர்ப்பது? "டீ சாப்பிட்டுப் போங்கக்கா" என்றாள் எழில்மொழி. நிலோஃபர் சாப்பிட்டுவிட்டு, மிஷினைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

தை மாதத்தில் ஒருநாள் முபாரக்கிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. யாரோ அவனுக்கு அனுப்பியதை அவன் இவளுக்கு அனுப்பியிருந்தான். கேட் திறக்கிறது. வேப்பமரம் அசைகிறது. கூடத்தைத் தாண்டி மாடிப்படி. படிகளின்மேல் வெயில் புள்ளி புள்ளியாக விழுகிறது, மெதுவாக நகர்கிறது. அவள் கற்பனை செய்ததைவிடவும் நன்றாக இருந்தது. கடைசியில் கறுப்புத் திரையில் திருச்சி ஸ்டூடியோவின் பெயர் பொன்னெழுத்தில் வந்து நின்றது. கீழே முபாரக்கின் குரல் பதிவு:

"நிலோ, இதப் பாத்தியா? லெட்சுமாங்குடில யாரோ கட்டறாங்களாம். அந்தப் படிக்கட்டுல வெயில் விழறதப் பாரு. என்னமா மூள வேல செஞ்சிருக்கு அவனுக்கு! நீயும் இந்த மாதிரிக் கத்துக்கிட்டீன்னா எங்கயோ போயிடுவ."

அவள் அதை மூன்று தடவை பார்த்தாள். 'இது நான் செய்தது' என்று எழுதினாள். அழித்தாள். 'இந்தப் படிக்கட்டுக்குத்தான் உங்கள் ரூமில் வைத்திருந்தேன், நீங்கள் மூடினீர்கள்' என்று எழுதினாள். அதையும் அழித்தாள். எழுதினால் அவன் நிஜமாகவே வருத்தப்படுவான். அப்புறம் அம்மாவுக்குப் போன் போடுவான். அப்புறம் அம்மா அந்த முடிக்காத வாக்கியத்தை முடித்துவிடுவாள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவைத்தாள்.

வயிறு இருக்கிறதே. முன்னறையில் மேசை போட்டு, பாஸ்போர்ட் புதுப்பிப்பது, ஆதார் முகவரி மாற்றுவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று விண்ணப்பம் பதிந்து கொடுக்கத் தொடங்கினாள். சபுராளி ஊர், அதற்குப் பஞ்சமே இல்லை. அந்த வேலைக்கு வெள்ளி மிஷின் கன கச்சிதம். சத்தமில்லை, சூடில்லை, தொட்டால் பறந்தது. "அண்ணன் வாங்கிக் குடுத்த லேப்டாப்ல ஓகோன்னு பொழைக்குது" என்று தெருவில் சொன்னார்கள். வருமானம் அம்மா கைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாள். அரிசி பருப்பை அவளே வாங்கிப் போட்டாள். காசாகக் கேட்டால் இல்லை என்றாள். நஃபீசா இரண்டு மாதம் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் முபாரக்கும் மனை வாங்கினான். ஊர்க்கோடியில், வயலைத் தூர்த்துப் போட்ட மனை. போனில் குரல் துள்ளியது.

"நிலோ, வீட்ட நீதான் போட்டுத் தரணும். முகப்பு எலிவேஷன், வீடியோ எல்லாம். நம்ம வீடு."

"நான் அந்த வேலய விட்டுட்டேண்ணே."

"என்ன புள்ள, அண்ணன் வீட்டுக்கு இல்லாம?"

"திருச்சில பண்றாங்கள்ல. நீங்கதானே அனுப்பினீங்க, நல்லாப் பண்றாங்கன்னு."

"சரி, ஒனக்கு நேரமில்ல போல" என்று வைத்துவிட்டான். அன்று முழுக்க நஃபீசா மகளோடு பேசவில்லை. முபாரக் திருச்சிக்கும் போகவில்லை, இளவழகனிடமும் போகவில்லை. சல்லிசாக முடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு மேஸ்திரியிடம் கொடுத்தான். மேஸ்திரி ஒரு நோட்டுத்தாளில் வரைந்த படத்தை நஃபீசா கொண்டுவந்து காட்டினாள். முபாரக்குக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை, விருந்தாளிக்கு ஓர் அறை, கீழே 'அம்மா' என்று எழுதி ஓர் அறை.

"நீ எங்கூடப் படுத்துக்கலாம்" என்றாள் நஃபீசா, அவள் கேட்காமலே.

மிஷின் பக்கமே போகவில்லை என்றாலும் கண் சும்மா இருக்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்த அரை நிமிஷத்தில் வீடு அவள் தலைக்குள் எழுந்து நின்றுவிட்டது. படி எங்கே வரவேண்டும், காற்று எங்கே நுழையும், அம்மாவின் அறைக்கு எந்த ஜன்னல் என்று எல்லாம் தானாக இடம் மாறி உட்கார்ந்தன. தாளை மடித்து அம்மாவிடமே கொடுத்துவிட்டாள்.

ஆவணி கடைசியில், தபால் ஆபீசுக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தாள். அஸ்திவாரம் முடிந்து மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நின்று பார்த்தாள். தரைமட்டத்தைச் சாலையிலிருந்து இரண்டடிதான் தூக்கியிருந்தார்கள். களிமண் பூமி, சுற்றிலும் வயல், தண்ணீர் வடிய வாய்க்கால் இருந்த இடத்தில்தான் மனைக்குப் பாதை போட்டிருந்தது. சாலையை மறுபடி ஒரு தடவை போட்டால் அந்த இரண்டடியும் ஓரடி ஆகிவிடும். ஐப்பசியில் ஒரு வாரம் அடித்துப் பெய்தால் கீழ்த்தளத்தில் முதலில் தண்ணீர் நுழைவது வாசலை ஒட்டிய அறையில். அது அம்மாவின் அறை. மூன்றரை அடிக்குக் குறையக்கூடாது.

மேஸ்திரி அவளைக் கண்டு தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "வாங்கம்மா. முபாரக் பாய் தங்கச்சிதானே? நீங்க இந்த வேல தெரிஞ்சவங்கன்னு சொன்னாங்க. மட்டம் போதுமான்னு ஒரு பார்வ பாத்துச் சொல்லுங்க. இன்னிக்கின்னா ஏத்திக்கலாம், நாளைக்கு மேல கான்கிரீட் பெல்ட் போட்டுடுவோம், அப்புறம் ஏத்த முடியாது."

பதில் வாய் வரை வந்துவிட்டது. மூன்றே வார்த்தை. இன்னும் ஒன்றரை அடி.

"அண்ணன்கிட்ட கேட்டுக்கங்க" என்றாள். "அவருக்குத்தான் தெரியும்."

"கேட்டேங்க. போதும்னுட்டாரு."

"அப்பச் சரிதான்."

மேஸ்திரி துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். நிலோஃபர் வீடு வந்து சேர்ந்தபோது, முன்னறையில் இரண்டு பேர் பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தார்கள். நஃபீசா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மனைப்பக்கமா வந்தியாம்மா? வேல எப்படி நடக்குது?"

"நடக்குதும்மா" என்று சொல்லிவிட்டு, மிஷினைத் திறந்து, முதல் ஆளிடம் பிறந்த தேதியைக் கேட்டாள்.